பிள்ளையை ஒப்படைக்க ஆள் தேடுதல்: மட்டக்களப்பு, அம்பாறைப் பெற்றோருக்கு

மட்டக்களப்புப் பக்கம் பெண்பிள்ளைக்கு வீடு கொடுத்துத்தான் கலியாணம் செய்வார்கள். தாயின் வளவிலோ அடுத்த ஒழுங்கையிலோ மகள் குடியிருப்பாள். பேரப்பிள்ளை அம்மம்மாவின் மடியில் வளரும். கரையோர முஸ்லிம் ஊர்களிலும் வழமை இதுதான். அதனால் கூலிக்கு ஆள் வைத்துப் பிள்ளை பார்க்கும் பழக்கம் இங்கே பெரிதாக இருந்ததில்லை, அதற்கென்று ஒரு முறையும் வளரவில்லை. இப்போது அம்மம்மா வெளிநாட்டில் இருக்கிறார், அல்லது முழங்கால் வருத்தத்தோடு, ஓடித் திரியும் ஒன்றரை வயதுப் பிள்ளையைப் பிடிக்க ஏலாமல் இருக்கிறார். தாய் இடமாற்றம் கிடைத்து அக்கரைப்பற்றில் வாடகை வீட்டில் இருக்கிறாள். ஆள் தேடத்தான் வேண்டும்.

தேடத் தொடங்கியதும் எல்லோரும் சொல்லும் சொல் ஒன்று உண்டு: "அவ நல்ல மனிசி." இந்தச் சொல்லை நம்பி முடிவெடுப்பதுதான் பெரும்பாலான பிழைகளின் வேர். நல்ல மனிசி என்றால் களவு எடுக்கமாட்டார், வாய் காட்டமாட்டார், கோயிலுக்கோ பள்ளிக்கோ ஒழுங்காகப் போவார் என்று பொருள். பிள்ளை ஒரு மணித்தியாலம் விடாமல் அழும்போது அவர் என்ன செய்வார் என்பதை அந்தச் சொல் சொல்லாது. அதை நீங்கள்தான் கண்ணால் பார்த்து அறியவேண்டும். அதற்கு நாள் வேண்டும். பிரசவ லீவு 84 நாள் என்றால் 50ஆம் நாளுக்கு முன்பே தேடத் தொடங்குங்கள். ஆசிரியர்கள் ஏப்ரல், ஆகஸ்ட், டிசம்பர் விடுமுறைகளில் ஒன்றைப் பழக்கிவிடும் காலமாக வைத்துக்கொள்ளலாம். திங்கட்கிழமை வேலை, ஞாயிற்றுக்கிழமை ஆள் என்று வந்து நின்றால், பார்க்க வேண்டிய எதையும் பார்க்க முடியாது.

தேவையை முதலில் எழுதுங்கள்

ஒரு தாளில் எழுதுங்கள்: பிள்ளையின் வயது, எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை, கிழமையில் எத்தனை நாள், உங்கள் வீட்டிலா அவர் வீட்டிலா, சமையல் துப்புரவு வேலையும் உண்டா. கடைசிக் கேள்வியில்தான் பலர் சறுக்குகிறார்கள். பிள்ளையையும் பார்த்து, சோறு கறியும் ஆக்கி, உடுப்பும் தோய்க்கச் சொன்னால், நடக்கப் பழகும் பிள்ளை குசினி வாசலில் தனியே நிற்கும். அடுப்பில் கொதிக்கும் சட்டியும் அங்கேதான் இருக்கும். மூன்று வயதுக்குட்பட்ட பிள்ளை என்றால் பிள்ளையின் வேலை மட்டும் கொடுங்கள்: பிள்ளையின் சாப்பாடு, பிள்ளையின் உடுப்பு, பிள்ளை விளையாடும் இடம். மிச்சத்துக்கு வேறு வழி பாருங்கள்.

எங்கே விசாரிப்பது

உங்கள் பகுதியின் குடும்பநல உத்தியோகத்தர், நாம் மிட்வைஃப் மிஸ் என்று கூப்பிடுபவர், வீடு வீடாகப் போகிறவர். எந்த வீட்டில் பிள்ளை சுத்தமாக இருக்கிறது, எந்த வீட்டில் குடிச் சத்தம் என்று அவருக்குத் தெரியும். ஆளைக் கேட்பதைவிட, ஆளை நீங்கள் கண்டுபிடித்த பிறகு "இவரிடம் பிள்ளையை விடலாமா மிஸ்" என்று கேட்பதே அவரிடம் பெறக்கூடிய பெரிய உதவி. பதிலைவிட அவர் தயங்கினாரா என்பதைக் கவனியுங்கள்.

பிறகு முன்பள்ளி ஆசிரியைகள். முன்பள்ளியில் உதவியாளராக இருந்து விட்டுப் போன பெண்கள் யார் என்று கேளுங்கள். தொழிற்பயிற்சி நிலையங்களில் பிள்ளைப் பராமரிப்பு என்விகியூ (தேசிய தொழில் தகைமை) சான்றிதழ் எடுத்தவர்களும் நம் மாவட்டங்களில் இருக்கிறார்கள். சவூதி, குவைத், கட்டார் வீடுகளில் வருடக்கணக்காகப் பிள்ளை பார்த்து விட்டு வந்த பெண்கள் ஏறாவூரிலும் கிரானிலும் களுவாஞ்சிக்குடியிலும் ஏராளம். இவர்களை நாங்கள் மேலாகவே மதிக்கிறோம்: பால் போத்தல் கொதிக்கவைப்பது முதல் நேரக் கணக்கு வரை பழகியவர்கள். அங்கே எத்தனை வயதுப் பிள்ளைகளைப் பார்த்தார், தனியாகவா வேறு ஆட்களுடனா என்று மட்டும் விவரமாகக் கேளுங்கள். சிலர் அங்கே சமையல் மட்டும்தான் செய்திருப்பார்கள்.

முகநூல் குழுவில் வரும் விளம்பரத்தையும் ஏஜென்சி தரும் பெயரையும் ஒரு தொடக்கமாக எடுக்கலாம், அவ்வளவுதான். ஏஜென்சி விசாரித்திருக்கும் என்று எண்ணி உங்கள் விசாரணையை விட்டுவிடாதீர்கள்.

ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்லவேண்டும். மலையகத்திலிருந்தோ படுவான்கரையின் ஒதுக்குப்புறக் கிராமத்திலிருந்தோ ஒரு சிறுமியைக் கூட்டிவந்து, "படிக்கவும் வைப்போம், பிள்ளையையும் பார்க்கட்டும்" என்று வீட்டில் வைப்பதைச் செய்யவே வேண்டாம். 2021ஆம் ஆண்டுத் திருத்தத்தின் பின்னர் 16 வயதுக்குக் குறைந்தவரை வேலைக்கு அமர்த்துவது குற்றம். சட்டம் ஒரு பக்கம் இருக்க, அவளும் ஒரு பிள்ளை; அவளைப் பார்க்கவே ஆள் வேண்டும். 18 வயது நிரம்பாத எவரிடமும் கைக்குழந்தையைத் தனியே விடவேண்டாம் என்பதே எங்கள் அறிவுரை.

அடையாள அட்டையை வாசிக்கும் விதம்

தேசிய அடையாள அட்டையின் இரு பக்கத்தையும் போட்டோப் பிரதி எடுத்து, அசலோடு ஒப்பிடுங்கள். இலக்கமே வயதைச் சொல்லும். புதிய 12 இலக்க எண்ணில் முதல் நான்கும் பிறந்த ஆண்டு. அடுத்த மூன்றும் ஆண்டின் எத்தனையாவது நாள் என்பது. பெண்களுக்கு அதனோடு 500 கூட்டியிருக்கும். எண் 1978532 என்று தொடங்கினால் அவர் 1978இல், ஆண்டின் 32ஆம் நாளான பெப்ரவரி 1இல் பிறந்த பெண். பழைய அட்டையில் 9 இலக்கமும் கடைசியில் ஓர் ஆங்கில எழுத்தும் இருக்கும். அதில் முதல் இரண்டு இலக்கமும் ஆண்டு, அடுத்த மூன்றும் நாள். சொல்லும் வயதும் எண்ணும் பொருந்தாவிட்டால் ஏன் என்று அமைதியாகக் கேளுங்கள். அட்டை வேறொருவருடையதாக இருக்கலாம்.

அட்டையிலுள்ள முகவரியில் அவர் இப்போது இல்லாமல் இருப்பது இங்கே சகஜம். யுத்தம், சுனாமி, கலியாணம் என்று குடும்பங்கள் இடம் மாறியிருக்கின்றன. அதனால் இப்போது இருக்கும் இடத்துக் கிராம சேவகரிடம் வதிவிடச் சான்றும் நற்சான்றும் எடுத்து வரச் சொல்லுங்கள். வெளிநாடு போய் வந்தவரிடம் பழைய பொலிஸ் நற்சான்றிதழ் இருக்கலாம். அது கொடுக்கப்பட்ட திகதி வரைக்கும்தான் பேசும்.

சான்றிதழோடு நிற்காமல் அவர் வீட்டுக்கு ஒருமுறை போய் வாருங்கள். பிள்ளையை உங்கள் வீட்டில் வைத்துப் பார்க்கப் போகிறவர் என்றாலும் போங்கள். அவசரத்தில் தேடிப்போக வழி தெரிந்திருக்கும். தன் வீட்டில் தன் பேரப்பிள்ளையோடு அவர் எப்படிப் பேசுகிறார் என்பதும் காதில் விழும்.

முன்பு வேலை செய்த இரண்டு வீட்டு இலக்கங்களை வாங்கி, நீங்களே அழைத்துப் பேசுங்கள். "நல்லவவா?" என்று கேட்டால் "ஓம் நல்லவ" என்றுதான் பதில் வரும். "எந்த மாதத்திலிருந்து எந்த மாதம் வரைக்கும் நின்றவ? பிள்ளைக்கு அப்ப எத்தனை வயசு? சொல்லாமல் கொள்ளாமல் எத்தனை நாள் வராமல் விட்டவ? ஏன் வேலையை விட்டவ? திரும்பவும் கூப்பிடுவீங்களா?" என்று கேளுங்கள். அவர் சொன்ன காலமும் அந்த வீட்டார் சொல்லும் காலமும் ஒத்துப்போக வேண்டும்.

பேசிப் பார்க்கும் நாள்

பிள்ளை விழித்திருக்கும் நேரத்தில் வரச் சொல்லுங்கள். ஒரு மணித்தியாலமாவது இருக்கட்டும். பாயை விரித்து, பிள்ளையைக் கீழே விட்டு, நீங்கள் பேசிக்கொண்டிருங்கள். பேச்சின் நடுவே அவர் கண் எங்கே போகிறது? பிள்ளை வாசல்படியை நோக்கித் தவழும்போது, சொல்லிக்கொண்டிருக்கும் வசனத்தை நிறுத்திவிட்டு எழும்புகிறாரா, அல்லது உங்கள் முகத்தையே பார்த்துக்கொண்டு மரியாதையாகப் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறாரா? நிலத்தில் கிடக்கும் ஒரு கச்சான் பருப்பை, கேட்காமலே பொறுக்கி எடுப்பவர் உண்டு. அப்படிப்பட்டவரைக் கண்டால் விடாதீர்கள். புது முகம் கண்டு பிள்ளை அழுதால் உடனே பறித்துத் தூக்காமல், கொஞ்சம் தள்ளி இருந்து, பிள்ளையாக நெருங்கும் வரைக்கும் பொறுப்பவரே பழகியவர். பிள்ளையைத் தொடுமுன் கை கழுவக் கேட்டால் இன்னும் நல்லது.

கேள்விகள் நடக்கக்கூடிய சம்பவங்களாக இருக்கட்டும்.

"அக்கா, புள்ள அரை மணித்தியாலமா அழுகுது, பாலும் குடிக்குதில்ல. என்ன செய்வீங்க?" வயிறு, பம்பர்ஸ், காய்ச்சல், எறும்பு கடித்திருக்குமோ என்று ஒவ்வொன்றாகப் பார்ப்பேன், உங்களுக்குக் கோல் எடுப்பேன் என்றால் சரி. "ஒரு தட்டுத் தட்டினா அடங்கும்" என்றால் அங்கேயே முடித்துக்கொள்ளுங்கள். "ரெண்டு சொட்டுத் தடிமன் பாணி குடுத்தா நித்திரை கொள்ளும்" என்றாலும் அப்படியே. தடிமன் பாணியில் நித்திரை வரவைக்கும் மருந்து உண்டு. கைக்குழந்தைக்கு அது மூச்சையே மந்தமாக்கிவிடலாம். வீட்டிலுள்ள மருந்துப் போத்தல்களில் மட்டத்தைப் பேனையால் குறித்து, உயரமான பூட்டிய இடத்தில் வைப்பது நல்ல பழக்கம்.

"கொதிதண்ணி காலில ஊத்துப்பட்டா?" 20 நிமிடம் ஓடும் குழாய்த் தண்ணீரில் பிடிக்கவேண்டும். பற்பசை, எண்ணெய், முட்டை எதுவும் கூடாது. பிழையான பதிலை வைத்து ஆளைத் தள்ளிவிடாதீர்கள். நம்மில் பலருக்கும் பற்பசைதான் சொல்லித் தந்தது. சரியானதைச் சொல்லிக் கொடுங்கள். அடுத்த முறை கேட்கும்போது நினைவு வைத்திருக்கிறாரா என்று பாருங்கள். "எனக்குத் தெரியும், நான் ஏழு புள்ள வளத்தவ" என்று கேட்க மறுப்பவரோடுதான் பின்னால் சிரமம்.

உடல்நலமும் கேளுங்கள், கூச்சம் வேண்டாம். இரண்டு கிழமைக்கு மேல் இருமல் என்றால் சளிப் பரிசோதனை செய்துவிட்டுத் தொடங்கட்டும். மாவட்ட மார்பு நோய்ச் சிகிச்சை நிலையத்தில் பணம் வாங்கமாட்டார்கள். வலிப்பு, மயக்கம், சீனி குறைந்து தலை சுற்றும் பழக்கம் இருந்தால் பிள்ளையோடு தனியே இருப்பது இருவருக்கும் ஆபத்து. வெற்றிலை போடுபவர் என்றால் சுண்ணாம்புக் கூட்டை மடியிலோ தலைமாட்டிலோ வைக்கக்கூடாது என்று பேசி முடிவு செய்யுங்கள். பிள்ளை அதை அமுக்கிக் கண்ணில் பட்டால் கண் வெந்துவிடும். பட்டுவிட்டால் வேறெதற்கும் முன் சுத்தமான தண்ணீரால் 20 நிமிடம் விடாமல் கழுவி, உடனே வைத்தியசாலை.

தமிழ் வீட்டுக்கு முஸ்லிம் பெண்ணோ, முஸ்லிம் வீட்டுக்குத் தமிழ்ப் பெண்ணோ வருவது கல்முனை, ஆரையம்பதி, ஏறாவூர்ப் பக்கம் புதிதல்ல. சாப்பாட்டில் எது ஆகும் எது ஆகாது, தொழுகைக்கு எந்த நேரம், நோன்பு மாதத்தில் நேரம் எப்படி என்று முதல் நாளே பேசிவிட்டால் மனக்கசப்புக்கு இடமில்லை.

அவர் வீட்டில் கொண்டுபோய் விடுவதென்றால்

இங்கே பலர் தெரிவு செய்வது இதைத்தான்: காலையில் பிள்ளை பார்க்கும் மாமி வீட்டில் விட்டுவிட்டு, வேலை முடிந்து தூக்கிவருவது. அப்படியென்றால் விசாரிக்க வேண்டியது அவரை மட்டுமல்ல, அந்த வளவுக்குள் வந்துபோகும் எல்லோரையும். வீட்டில் யார் யார் இருக்கிறார்கள், பகலில் யார் நித்திரை, பின்னேரம் யார் வருகிறார், யாராவது குடிக்கிறார்களா, அறை வாடகைக்கு விட்டிருக்கிறார்களா? பிள்ளைகளுக்குத் தீங்கு செய்பவர்கள் அநேகமாக முன்பின் தெரியாதவர்கள் அல்ல, அந்த வீட்டுக்கு வந்துபோகப் பழகியவர்கள்தான். பிள்ளையைக் குளிப்பாட்டுவது, கழுவுவது, உடுப்பு மாற்றுவது அவர் மட்டும்தான். அவர் கடைக்குப் போனால் பிள்ளையும் கூடப் போகும், வேறொருவர் கையில் விட்டுப் போகக்கூடாது. இதை வாயால் சொல்லி, தாளிலும் எழுதுங்கள்.

பிறகு வளவைச் சுற்றிப் பாருங்கள். கிணறு முதலில். கரையோரத்து மணற்பாங்கான இடங்களில் கிணறு ஆழமில்லை, கட்டும் தாழ்வு. தவழும் பிள்ளை பிடித்து எழும்பி நிற்கும் உயரம்தான். கட்டு இரண்டரை அடியாவது இருக்கவேண்டும், மேலே கம்பி வலையோ பலகையோ போட்டு மூடவேண்டும். அவருக்கு வசதி இல்லையென்றால் அந்த மூடியை நீங்கள் போட்டுக் கொடுங்கள். அது வீண் செலவல்ல. தண்ணீர் நிறைந்த வாளியும் ஆபத்து. பிள்ளை தலைகீழாக விழுந்தால் சில அங்குலத் தண்ணீரே போதும். கார்த்திகை, மார்கழி மழையில் வளவில் தண்ணீர் நிற்கும், கானும் நிரம்பும். படலைக்கு எட்டாத உயரத்தில் கொளுக்கி இருக்கிறதா பாருங்கள். வாவிக்கரை வீடு என்றால் வேலி முழுவதையும் நடந்து பாருங்கள்.

வயல் செய்யும் குடும்பமென்றால் கிருமிநாசினி எங்கே வைக்கிறார்கள் என்று காட்டச் சொல்லுங்கள். சோடாப் போத்தலில் மண்ணெண்ணெய் ஊற்றி வைக்கும் பழக்கம் எந்த வீட்டிலும் இருக்கக்கூடாது. மஞ்சள் அலரி வேலியில் நின்றால் அதன் கொட்டை இதயத்தை நிறுத்தக்கூடிய நஞ்சு. கீழே விழுவதைத் தினமும் கூட்டி எடுக்கவேண்டும், முடிந்தால் மரத்தையே வெட்டவேண்டும். நாயைக் கட்டுகிறார்களா, அதற்கு ஊசி போட்டிருக்கிறார்களா?

ஏணை கட்டும் வளை உறுதியாக இருக்கிறதா என்று நீங்களே இழுத்துப் பாருங்கள். நிலத்திலிருந்து ஒன்றரை அடிக்கு மேல் தொங்கவிட வேண்டாம், கீழே பாய் போடுங்கள், கண் பார்வையிலேயே இருக்கட்டும். பிள்ளை தானாக எழும்பி இருக்கத் தொடங்கியதும் ஏணையை நிறுத்தி, பாயில் நித்திரை கொள்ள விடுங்கள். சேலை கழுத்தில் சுற்றுவது அந்த வயதில்தான்.

எத்தனை பிள்ளைகளை ஒரே நேரம் பார்க்கிறார் என்றும் கேளுங்கள். ஒரு வயதுக்குட்பட்ட பிள்ளைகள் இரண்டுக்கு மேல் என்றால் ஒருவரால் ஏலாது, எவ்வளவு கெட்டிக்காரியானாலும்.

ஒப்படைக்கும் இரண்டு கிழமை

முதல் மூன்று நாள் நீங்களும் கூடவே இருங்கள், சம்பளம் உண்டு. முதல் நாள் நீங்கள் செய்ய அவர் பார்ப்பார், இரண்டாம் நாள் அவர் செய்ய நீங்கள் பார்ப்பீர்கள், மூன்றாம் நாள் அடுத்த அறையில் இருங்கள். நான்காம் ஐந்தாம் நாள் ஒரு மணித்தியாலம் வெளியே போய் வாருங்கள். பிள்ளைக்குத் தெரியாமல் ஒளித்துப் போகவேண்டாம். "அம்மா போயிட்டு வாறன்" என்று சொல்லி, அழுதாலும் போங்கள். ஒளித்துப் போனால் பிள்ளை அடுத்த நாளிலிருந்து உங்களைக் கண்ணை விட்டு அகலவிடாது. அடுத்து அரை நாள். இரண்டாம் கிழமை முழு நாள்.

அந்தக் கிழமையிலும் அதன் பிறகும் சொல்லாமல் ஒருமுறை திரும்பி வாருங்கள், அதுவும் பகல் 12க்கும் 2க்கும் இடையில். காலையில் எல்லோரும் உற்சாகம். பொறுமை தேய்வது வெயிலும் பசியும் நித்திரையும் ஒன்றுசேரும் அந்த நேரத்தில்தான். டிவி சத்தம், பிள்ளையின் முகம், பம்பர்ஸ் எவ்வளவு கனம், போத்தலில் மிச்சம் இருக்கும் பால் எத்தனை மணிக்குக் கரைத்தது என்று பாருங்கள். இப்படி வருவேன் என்று தொடக்கத்திலேயே அவரிடம் சொல்லிவிடுங்கள். கமரா பூட்டினாலும் சொல்லிவிட்டே பூட்டுங்கள், குளியலறையிலும் அவர் உடை மாற்றும் இடத்திலும் கூடாது. ஒளித்து வைத்த கமரா ஒருநாள் தெரியவரும். அன்றோடு நல்ல ஆளும் போய்விடுவார்.

பால் பற்றி ஒரு விவரம். கரைத்த மாப்பாலை இரண்டு மணித்தியாலத்துக்கு மேல் வெளியே வைக்கக்கூடாது, பிள்ளை குடிக்கத் தொடங்கிய போத்தலில் மிச்சத்தை ஒரு மணித்தியாலத்தில் வெளியே ஊற்றிவிட வேண்டும். பீச்சிய தாய்ப்பால் குளிர்சாதனப் பெட்டியில் நான்கு நாள் வரை நிற்கும். வெளியே நான்கு மணித்தியாலம் என்பது 25 பாகை வெப்பத்துக்குச் சொன்னது, சித்திரை வெயிலில் அதை நம்பவேண்டாம். கரண்டி அளவைப் பேணியிலுள்ளபடி சொல்லிக் கொடுங்கள். பால் முடியப்போகிறது என்று தண்ணீரைக் கூட்டிக் கரைப்பது நல்ல மனசோடு செய்யும் பிழை, பிள்ளை மெலியும்.

சம்பளம்

மலிவாகப் பேசினால் ஆள் நிற்காது; நிற்காத ஆள் என்றால் பிள்ளைக்கு மூன்று மாதத்துக்கொரு புது முகம். கணக்குப் போட ஒரு வழி: நாட்டின் குறைந்தபட்ச மாதச் சம்பளம் 2026 ஜனவரி முதல் 30,000 ரூபாய். அதை 26 நாள், நாளுக்கு 8 மணித்தியாலம் என்று பிரித்தால் மணித்தியாலத்துக்கு ஏறத்தாழ 144 ரூபாய். காலை 6.30 முதல் பின்னேரம் 2.30 வரை, மாதம் 22 நாள் என்றால் 25,300 ரூபாய் அளவில் வரும். இதை அடிமட்டமாக வைத்து, கைக்குழந்தைக்கும் இரண்டு பிள்ளைகளுக்கும் கூட்டுங்கள். பஸ் காசு தனி.

பாடசாலை விடுமுறையில் "ஒரு மாதம் வேண்டாம், பிறகு வாங்க" என்று சம்பளத்தை நிறுத்தாதீர்கள். அந்த மாதம் அவர் வேறு வீட்டுக்குப் போவார், தவணை தொடங்கும் நாளில் உங்களுக்கு ஆள் இருக்காது. பாதியாவது கொடுங்கள். வைகாசியில் கண்ணகி அம்மன் சடங்கு, ஆடியில் கதிர்காமம், நோன்பு, பெருநாள், பெரும்போக வெட்டு என்று லீவு கேட்பார். வருடத் தொடக்கத்திலேயே நாட்காட்டியில் குறித்து, அந்த நாட்களுக்கு உங்கள் லீவையோ உறவையோ ஒழுங்கு செய்யுங்கள். பெரிய முற்பணம் கொடுப்பதையும் தவிருங்கள். கடன்பட்டவர் பிடிக்காத வேலையிலும் நிற்பார், அந்த வெறுப்பு பிள்ளையில் இறங்கும்.

பேசியதை ஒரு பக்கத்தில் எழுதி இருவரும் ஒப்பமிடுங்கள்: நேரம், வேலை, சம்பளம், சம்பள நாள், லீவு, நிறுத்துவதானால் இரு பக்கமும் எத்தனை நாள் முன்னறிவித்தல். அத்தோடு மாறாத விதிகள்: அடிக்கக்கூடாது, உலுக்கக்கூடாது, சொல்லாத மருந்து கொடுக்கக்கூடாது, பிள்ளையின் படத்தை வட்ஸ்அப், முகநூல், டிக்டொக்கில் போடக்கூடாது, கேட்காமல் வெளியே கொண்டுபோகக்கூடாது.

உலுக்குவது பற்றி ஏன் என்றும் விளக்குங்கள். கைக்குழந்தையின் தலை கனம், கழுத்து பலமில்லை. கோபத்தில் நாலு உலுக்கு உலுக்கினால் மூளைக்குள் இரத்தம் கசியும். தாங்க முடியாமல் போனால் பிள்ளையைப் பாயில் மல்லாத்திப் படுக்கவைத்துவிட்டு, ஐந்து நிமிடம் திண்ணையில் போய் இருந்து உங்களுக்குக் கோல் எடுக்கலாம், அதற்கு நீங்கள் கோபிக்கமாட்டீர்கள் என்று சொல்லுங்கள். இதைச் சொல்லக் கேட்ட பிறகுதான் பலருக்குத் தன் களைப்பை ஒப்புக்கொள்ளத் துணிவு வரும்.

சுவரில் ஒட்ட வேண்டிய தாள்

பெரிய எழுத்தில், தமிழில். அம்புலன்ஸ் 1990, பொலிஸ் 119, சிறுவர் பாதுகாப்பு 1929. தாய், தகப்பன் இலக்கங்கள், பக்கத்து வீட்டில் எப்போதும் ஆள் இருக்கும் ஒருவரின் இலக்கம், தெரிந்த ஓட்டோக்காரரின் இலக்கம். வீட்டுக்கு வரும் வழி, அம்புலன்ஸ்காரருக்குச் சொல்லும் விதமாக: எந்தக் கோயில் அல்லது பள்ளிவாசல், எத்தனையாவது ஒழுங்கை, என்ன நிறப் படலை. பிள்ளையின் நிறை, ஒவ்வாத மருந்து. கிளினிக் புத்தகம் எங்கே இருக்கிறது. அவர் போனில் எப்போதும் காசு இருக்கும்படி மாதம் ஒருமுறை நீங்களே ரீலோட் போடுங்கள். அவசரத்தில் "போன்ல காசில்ல" என்ற நிலை வரவே கூடாது.

அதன் கீழ் நான்கைந்து வரி. காய்ச்சலுக்கு பரசிட்டமோல் பாணி, டொக்டர் சொன்ன அளவு மில்லிலீற்றரில் (போத்தலிலும் எழுதி ஒட்டுங்கள்), 6 மணித்தியாலத்துக்கு ஒருமுறை, ஒரு நாளில் 4 முறைக்கு மேல் இல்லை. கொடுத்த நேரத்தை எழுதவேண்டும். வேறு காய்ச்சல் மருந்து எதுவும் வேண்டாம்: டெங்குவாக இருந்தால் இபுபுரோபன், அஸ்பிரின் வகை இரத்தக் கசிவைக் கூட்டும். வயிற்றோட்டத்துக்கு ஜீவனி ஒரு பக்கட்டை ஒரு லீற்றர் கொதித்தாறிய தண்ணீரில் முழுவதும் கரைக்கவேண்டும், 24 மணித்தியாலத்தில் மிச்சத்தை வெளியே ஊற்றிவிட வேண்டும். வலிப்பு வந்தால் பக்கவாட்டில் படுக்கவைத்து நேரம் பார்க்கவேண்டும், வாயில் கரண்டி வேண்டாம், கையில் இரும்பும் வேண்டாம்.

புரையேறி, அழவும் இருமவும் முடியாமல் திணறினால் என்ன செய்வது என்பதைத் தாளில் எழுதுவது போதாது, செய்து காட்டவேண்டும். ஒரு வயதுக்குக் குறைந்த பிள்ளையை முன்னங்கையில் குப்புறத் தலை தாழக் கிடத்தி, தோள்பட்டைகளின் நடுவே உள்ளங்கையின் அடியால் 5 தட்டு. பிறகு மல்லாத்தி, நெஞ்சின் நடுவில் இரண்டு விரலால் 5 அமுக்கு. வெளியே வரும் வரை மாறி மாறி. ஒரு வயதுக்கு மேல் முதுகில் 5 தட்டும், பின்னாலிருந்து கட்டிப்பிடித்துத் தொப்புளுக்கு மேலே உள்ளும் மேலுமாக 5 அமுக்கும். ஒரு பொம்மையை வைத்து அவரைச் செய்யச் சொல்லுங்கள். கச்சான், ரம்புட்டான், முறுக்கு, நாவற்பழக் கொட்டை, இவையெல்லாம் நான்கு வயது வரைக்கும் கையில் கொடுக்கவே வேண்டாம்.

பிறகும் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியவை

முழங்காலிலும் கணைக்காலிலும் உராய்வு, கண்டல் நடக்கும் பிள்ளைக்கு வரும். காது, கன்னம், முதுகு, மேற்கையின் உட்பக்கம், தொடை என்றால் கேளுங்கள். இன்னும் தவழாத குழந்தையின் உடம்பில் எங்கே கண்டல் இருந்தாலும் டொக்டரிடம் காட்டுங்கள். வழமைக்கு மாறாகத் தூங்கி வழிவது, அவரைக் கண்டதும் உடல் விறைப்பது, கழுவும்போது கத்துவது, நின்றுபோன படுக்கை நனைப்பு திரும்பத் தொடங்குவது, இவை ஒவ்வொன்றுக்கும் வேறு காரணமும் இருக்கலாம். இரண்டு மூன்று சேர்ந்து வந்தால் பொறுத்துப் பார்க்கவேண்டாம். அன்றைக்கே பிள்ளையை அவரிடம் விடுவதை நிறுத்திவிட்டு விசாரியுங்கள்.

பேசத் தெரிந்த பிள்ளையிடம் "மாமி அடிச்சவவா?" என்று கேட்டால் ஓம் என்றும் வரும், இல்லை என்றும் வரும். "இண்டைக்கு என்ன செய்தீங்க, பிறகு?" என்று கேட்டு விட்டுவிடுங்கள். சந்தேகம் உறுதியானால் 1929க்கு எந்த நேரமும் தமிழில் பேசலாம். பிரதேச செயலகத்தில் சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தர் இருக்கிறார், பொலிஸ் நிலையங்களில் சிறுவர், பெண்கள் பிரிவு இருக்கிறது. ஊரில் பேச்சு வரும் என்று மூடி மறைத்தால், அவர் அடுத்த மாதம் இன்னொரு வீட்டுப் பிள்ளையோடு இருப்பார்.

வேலை முடியும்போது

பிள்ளை முன்பள்ளிக்குப் போகத் தொடங்கியதும் பெரும்பாலும் இந்த ஏற்பாடு முடியும். ஒரு மாதம் முன்பே அவரிடம் சொல்லி, கடைசிச் சம்பளத்தோடு முடிந்தால் இன்னொரு மாதக் காசும் சேர்த்துக் கொடுங்கள். பிள்ளைக்கும் சொல்லுங்கள், போய் வழியனுப்பட்டும். ஒரே நாளில் ஆள் மறைந்தால் பிள்ளை பல இரவு தேடும். வீட்டுத் திறப்பைத் திரும்ப வாங்குங்கள். பிள்ளையைக் கூட்டிவர அனுமதித்தோர் பட்டியலில் முன்பள்ளியில் அவர் பெயர் இருந்தால் மாற்றச் சொல்லுங்கள். அவருக்கு ஒரு கடிதமும் எழுதிக் கொடுங்கள்: எந்தத் திகதியிலிருந்து எந்தத் திகதி வரை, எத்தனை வயதிலிருந்து பிள்ளையைப் பார்த்தார், என்ன என்ன செய்யத் தெரியும், உங்கள் போன் இலக்கம். அடுத்த வீட்டார் அழைத்துக் கேட்கும்போது நடந்ததை நடந்தபடி சொல்லுங்கள்.